மூட்டுத் தளர்வு உள்ளவர்களுக்குக் குரலும் விழுங்குதலும் சிக்கலானால்: ஸ்பீச் தெரபி வழிகாட்டி

ஹைப்பர்மொபிலிட்டி, அதாவது மூட்டுகள் அளவுக்கு மீறி வளையும் தன்மை உள்ளவர்கள் தோள், முழங்கால், இடுப்பு என்றுதான் முதலில் டாக்டரிடம் போவோம். மாலையானால் குரல் கம்மிப் போவதையும், சாப்பிடும்போது அடிக்கடி புரை ஏறுவதையும் அந்தக் கணக்கில் சேர்க்க யாருக்கும் தோன்றுவதில்லை. தனியாகக் காட்டப் போனாலோ, "எல்லாம் நார்மல்" என்று எழுதி அனுப்பிவிடுவார்கள். இந்தச் சுற்றில் எனக்குப் போன காலமும் பணமும் உங்களுக்காவது மிஞ்சட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். குரல்வளையிலும் மூட்டுகள் இருக்கின்றன. குரல் நாண்களைத் திறந்து மூட ஒரு ஜோடி, அவற்றை இழுத்து நீட்ட இன்னொரு ஜோடி. நாக்குக்கு அடியில் உள்ள ஹையாய்டு எலும்பு வேறெந்த எலும்போடும் சேராமல், தசைகளாலும் தசைநார்களாலும் ஊஞ்சல் பலகை மாதிரி தொங்கிக்கொண்டிருக்கிறது. தாடை மூட்டோ நாள் முழுக்க வேலை செய்வது. இவற்றைப் பிடித்து வைக்கும் இணைப்புத் திசு தளர்ந்திருந்தால், அந்தப் பிடிமானத்தைத் தசைகள் கொடுக்க வேண்டியிருக்கிறது. கொஞ்ச நேரம் கொடுக்கும், அப்புறம் சோர்ந்துவிடும். அதனால் நம் சிக்கல் முதல் வாய் உணவிலோ முதல் வாக்கியத்திலோ தெரியாது. இருபது நிமிடம் கழித்துத்தான் தெரியும். பரிசோதனை என்னவோ பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். கீழே உள்ள படிகளில் பாதி, உங்கள் மோசமான நேரத்தை மருத்துவர் கண்ணில் படவைப்பதற்கானவை.

1. முதலில் இது அவசரமா என்று பாருங்கள்

இந்தக் குறிகளில் எது இருந்தாலும் தெரபிஸ்டைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். எச்சிலைக்கூட விழுங்க முடியவில்லை, சாப்பிட்டது நடுவில் அடைத்து நின்றுவிட்டது, மூச்சை உள்ளே இழுக்கும்போது கீச்சென்று சத்தம் வருகிறது, தொண்டை இறுகுவதோடு தடிப்போ உதடு வீக்கமோ சேர்ந்து வருகிறது, பேச்சு திடீரென்று குழறுகிறது அல்லது முகம் ஒருபக்கம் கோணுகிறது: இதெல்லாம் உடனே அவசரச் சிகிச்சைக்கு ஓட வேண்டியவை.

காரணம் தெரியாமல் எடை குறைவது, திரும்பத் திரும்பச் சளிக் காய்ச்சல் நெஞ்சில் இறங்குவது, கழுத்தில் கட்டி, இருமலில் ரத்தம், நாளுக்கு நாள் கூடிவரும் அடைப்பு ஆகியவை இருந்தால் அதே வாரத்தில் டாக்டரைப் பார்க்க வேண்டும். "எனக்குத்தான் மூட்டுத் தளர்வு இருக்கிறதே, அதனால்தான் இருக்கும்" என்று நாமே ஒரு பெயர் வைத்துத் தள்ளிப் போடுவது பெரிய ஆபத்து. மூட்டுத் தளர்வு உள்ளவருக்கு மற்ற நோய் வராது என்று எந்தச் சட்டமும் இல்லை.

2. இரண்டு வாரக் குறிப்பும் ஒலிப்பதிவும்

டாக்டரிடம் நேரம் வாங்கிய அன்றே இதைத் தொடங்குங்கள். எப்படியும் காத்திருக்கத்தான் போகிறீர்கள்.

குரலுக்கு: காலை எழுந்து ஒரு மணி நேரத்துக்குள் ஒரு தடவை, இரவு படுக்கும் முன் ஒரு தடவை, ஒரே பத்தியை வாய்விட்டுப் படித்துக் கைபேசியில் பதிந்துகொள்ளுங்கள். கைபேசி வாயிலிருந்து ஒரே தூரத்தில் இருக்கட்டும். படித்து முடித்ததும் ஒரே மூச்சில் "ஆ" என்று எவ்வளவு நேரம் இழுக்க முடிகிறது என்று பாருங்கள். ஆரோக்கியமான பெரியவர்கள் பொதுவாக 15 விநாடிக்கு மேல் இழுப்பார்கள். காலையில் 16, இரவில் 7 என்று வந்தால், அந்த இரண்டு எண்ணும் உங்கள் அரை மணி நேர விளக்கத்தைவிட அதிகம் பேசும்.

விழுங்குவதற்கு: என்ன வகை உணவு, சாப்பாட்டின் எந்தக் கட்டத்தில் சிக்கல், அது எப்படிப்பட்டது என்று எழுதுங்கள். திரவத்திலா கெட்டியிலா, முதல் வாயிலா கடைசி வாயிலா, இருமலா, தொண்டையில் ஒட்டிக்கொண்டதா, மெல்ல மெல்லத் தாடை ஓய்ந்ததா, மூக்கில் ஏறியதா. குடித்த பிறகு குரல் ஈரமாக, களகளவென்று ஒலிக்கிறதா என்பதைக் கட்டாயம் கவனியுங்கள். பக்கத்தில் இருப்பவரைக் கேளுங்கள், நம் காதுக்கு அது பல சமயம் பிடிபடாது. மாத்திரை ஒட்டிக்கொள்கிறதா என்பதையும் தனியாகக் குறியுங்கள்.

இதோடு இரண்டு வினாத்தாள்களை நிரப்பிக்கொள்ளுங்கள். ஈட்-10 என்பது விழுங்குதல் பற்றிய பத்துக் கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண்; கூட்டினால் 3 அல்லது அதற்கு மேல் வந்தால் பரிசோதனை தேவை என்று பொருள். வி.எச்.ஐ.-10 குரலுக்கானது, அதற்கும் பத்துக் கேள்வி, மொத்தம் 40. அதில் 11-ஐத் தாண்டினால் கவனிக்க வேண்டும். தெரபிஸ்டுகளுக்கு இவை அன்றாடம் பழக்கமானவை. நிரப்பியே கொண்டுபோனால் முதல் அமர்வில் கால் மணி நேரம் மிச்சம்.

3. யாரை முதலில் பார்ப்பது

காது மூக்கு தொண்டை மருத்துவரை. குரல்வளையைக் கண்ணால் பார்க்காமல் குரல் பயிற்சியைத் தொடங்கக் கூடாது. குரல் மாற்றம் நான்கு வாரத்துக்கு மேல் நீடித்தால் லாரிங்கோஸ்கோபி, அதாவது குரல்வளையை நேரில் பார்க்கும் பரிசோதனை, செய்ய வேண்டும் என்பது 2018-இல் திருத்தி வெளியான அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவச் சங்கத்தின் வழிகாட்டுதலிலேயே இருக்கிறது. கரகரப்புக்குக் காரணம் தசை இறுக்கமா, நாணில் முடிச்சா, ஒரு நாண் அசையாமல் நிற்கிறதா என்பதைப் பொறுத்துப் பயிற்சி மாறும்.

இங்கே ஒரு வழக்கமான குழி: பார்க்காமலே "அமிலம் மேலே வருகிறது" என்று சொல்லி மாதக்கணக்கில் அமில மாத்திரை எழுதிக் கொடுப்பது. நம்மில் பலருக்கு நெஞ்செரிச்சல் உண்டு என்பதால் நாமும் தலையாட்டிவிடுவோம். கரகரப்பு மட்டும்தான் என்றால், குரல்வளையைப் பார்க்காமல் அந்த மாத்திரை வேண்டாம் என்பதும் அதே வழிகாட்டுதல்தான். தயங்காமல் கேளுங்கள்.

உணவு நெஞ்செலும்புக்குப் பின்னால் நிற்பது போலிருந்தால், அது பெரும்பாலும் உணவுக்குழாய் சம்பந்தப்பட்டது, வயிறு-குடல் மருத்துவரிடம் போக வேண்டியது. ஆனால் ஒரு சங்கதி: உணவுக்குழாயின் அடியில் அடைத்தாலும் தொண்டையில் நிற்பது போலத் தோன்றலாம். அதனால் தொண்டையில் ஒன்றும் இல்லை என்று சொன்னால் அங்கேயே நிறுத்தாமல், கீழேயும் பார்க்கச் சொல்லுங்கள்.

மூச்சு முட்டல் தொண்டையில் இறுகி வந்து, ஆஸ்துமா இன்ஹேலருக்கும் அசையவில்லை என்றால், மூச்சு இழுக்கும்போது குரல் நாண்கள் தவறாக மூடிக்கொள்கின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள். அதற்கும் ஸ்பீச் தெரபிஸ்டிடம் பயிற்சி உண்டு.

4. கோப்பு

எல்லாவற்றையும் ஒரே கோப்பில், தேதி வரிசையில், புதியது மேலே வைத்து அடுக்குங்கள். வேண்டியவை:

- மூட்டுத் தளர்வு பற்றிய மருத்துவர் கடிதம். பெய்ட்டன் மதிப்பெண், அதாவது மூட்டுகள் எவ்வளவு வளைகின்றன என்று பார்த்துப் போடும் எண், அதில் இருந்தால் நல்லது. மொத்தம் 9, 2017-ஆம் ஆண்டின் சர்வதேச வரையறைப்படி 50 வயது வரை உள்ள பெரியவர்களுக்கு 5, அதற்கு மேற்பட்டவர்களுக்கு 4 இருந்தால் பொதுவான தளர்வு என்று கொள்வார்கள்.
- எலர்ஸ்-டான்லோஸ் (இணைப்புத் திசுவைப் பாதிக்கும் பரம்பரை நோய்களின் தொகுப்பு) என்று முடிவாகியிருந்தால் அதில் எந்த வகை என்ற விவரம். நம்மில் பலருக்கு இருக்கும் ஹைப்பர்மொபைல் வகைக்கு இன்னும் மரபணுச் சோதனை கிடையாது, ஆகவே "சோதனை முடிவு எங்கே" என்று கேட்டால் பதற வேண்டாம். ரத்தக்குழாய் வகையாக இருந்தால், அல்லது குடும்பத்தில் யாருக்காவது இருந்தால், முதல் பக்கத்திலேயே பெரிதாக எழுதி வையுங்கள். எந்தக் குழாயை உள்ளே விடுவதாக இருந்தாலும் அவர்கள் அதை முன்கூட்டியே அறிய வேண்டும்.
- மருந்துப் பட்டியல், அளவோடு. வாய் உலரவைக்கும் மருந்துகள் குரலையும் விழுங்குவதையும் சேர்த்தே கெடுக்கும்.
- கழுத்து எக்ஸ்ரே அல்லது எம்.ஆர்.ஐ. எடுத்திருந்தால் அறிக்கையும் படமும். இது ஏன் முக்கியம் என்பது பத்தாவது படியில் வரும்.
- தாடை விலகிய வரலாறு, பல் மருத்துவர் குறிப்பு.
- எழுந்து நின்றால் தலைசுற்றல், இதயப் படபடப்பு இருந்தால் அதன் விவரம்.
- ரெஃபரல் கடிதம்.

அந்தக் கடிதத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். "குரல் பிரச்சினை, தயவுசெய்து பார்க்கவும்" என்று ஒரு வரி எழுதினால் உங்களைப் பட்டியலின் அடியில் போடுவார்கள். குரலும் விழுங்குதலும் இரண்டும் அதில் வர வேண்டும், இல்லையென்றால் ஒன்றை மட்டும் பார்த்து அனுப்பிவிடுவார்கள். மற்றதற்குப் புதிய கடிதம், புதிய காத்திருப்பு. புரை ஏறும் எண்ணிக்கை, எடை மாற்றம், நெஞ்சுச் சளி வரலாறு ஆகியவற்றை எழுதச் சொல்லுங்கள். காப்பீட்டுக்கு நோய்க் குறியீடு கேட்பார்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி.-10 பட்டியலில் விழுங்குதல் சிக்கலுக்கு ஆர் 13, குரல் மாற்றத்துக்கு ஆர் 49.0, எலர்ஸ்-டான்லோசுக்கு க்யூ 79.6, ஹைப்பர்மொபிலிட்டி நோய்க்குறிக்கு எம் 35.7. சில நாடுகளில் இதற்கு மேலும் இலக்கம் சேர்த்திருப்பார்கள். வேறு சில இடங்கள் ஐ.சி.டி.-11-க்கு மாறிவருகின்றன. உங்கள் காப்பீட்டாளர் எதைக் கேட்கிறார் என்று போனிலேயே விசாரித்துவிடுங்கள்.

5. எந்தத் தெரபிஸ்ட்

ஸ்பீச் தெரபிஸ்ட் என்றாலே குழந்தைகளுக்குப் பேச்சு வரவைப்பவர் என்றுதான் பொதுவாக நினைப்பு. பலர் அந்தத் துறையில்தான் இருக்கிறார்கள். உங்களுக்கு வேண்டியவர் பெரியவர்களின் குரலிலும் விழுங்குதலிலும் பழக்கம் உள்ளவர். ஒருவரே இரண்டிலும் தேர்ந்தவராக இருப்பது அரிது. கிடைக்காவிட்டால் பெரிய மருத்துவமனையின் குரல் கிளினிக்கில் ஒருவர், விழுங்கும் கிளினிக்கில் ஒருவர் என்று போகலாம். இருவரும் ஒருவருக்கொருவர் கடிதம் எழுதிக்கொள்ளச் செய்வது உங்கள் பொறுப்பு.

பதிவு செய்யும் முன் போனில் மூன்று கேள்வி போதும். மூட்டுத் தளர்வு உள்ளவர்களை இதற்கு முன் பார்த்திருக்கிறீர்களா? உணவை விழுங்கவைத்துப் பார்க்கும் எண்டோஸ்கோபி அல்லது எக்ஸ்ரே வசதி உங்களிடமோ, நீங்கள் அனுப்பும் இடத்திலோ இருக்கிறதா? என் பிசியோதெரபிஸ்டோடு பேசுவீர்களா? முதல் கேள்விக்கு "இல்லை" என்றால் பாதகமில்லை. "பார்த்ததில்லை, ஆனால் படித்துக்கொள்கிறேன்" என்பவர், எல்லாம் தெரியும் என்பவரைவிட எவ்வளவோ மேல்.

6. நேரத்தைக் கேட்டு வாங்குங்கள்

காலை முதல் நேரம் கிடைத்தால் மகிழ்ச்சியோடு வாங்கிக்கொள்வோம், காத்திருக்க வேண்டாமே என்று. நம் விஷயத்தில் அது வீண். உங்களுக்கு எந்த நேரம் மோசமோ அந்த நேரம் கேளுங்கள்: பிற்பகல், வேலை முடிந்த பிறகு. மாலை நேரம் இல்லை என்றால், போகும் வழியில் யாரிடமாவது அரை மணி நேரம் போனில் பேசிக்கொண்டே போங்கள். தொண்டை ஓய்ந்த நிலையில் உள்ளே நுழையுங்கள். இதில் ஏமாற்று வேலை எதுவும் இல்லை, உங்கள் வழக்கமான மாலையை அவர்களுக்குக் காட்டுகிறீர்கள், அவ்வளவுதான். ஆனால் சாப்பாட்டைத் தவிர்த்துவிட்டு மயக்கத்தில் போய் நிற்க வேண்டாம். பரிசோதனைக்கு முன் பட்டினி தேவையா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

காத்திருப்புப் பட்டியல் நீளமாக இருந்தால், யாராவது ரத்து செய்யும்போது கூப்பிடும் குறுகிய பட்டியலில் பெயர் போடச் சொல்லுங்கள். ரெஃபரல் கடிதத்துக்குக் காலாவதித் தேதி உண்டா என்றும் கேளுங்கள். பல இடங்களில் உண்டு, அதைச் சொல்லத்தான் மறந்துவிடுவார்கள்.

7. பரிசோதனை அறையில்

குரல்வளையைப் பார்க்க மூக்கு வழியாக 3 அல்லது 4 மில்லிமீட்டர் தடிமனுள்ள வளையும் குழாய் போகும். நுனியில் கேமரா. ஸ்ட்ரோபோஸ்கோபி என்றால் துடிக்கும் விளக்கைப் போட்டு நாண்களின் அதிர்வை மெதுவாக ஓடுவது போல் காட்டுவார்கள்; சாதாரண விளக்கில் பிடிபடாதது அதில் பிடிபடும். மூக்கில் ரத்தம் கசியும் வழக்கம் இருந்தால், மரத்துப்போகும் மருந்து உங்களுக்குச் சரியாக வேலை செய்யாது என்றால், குழாய் உள்ளே போகும் முன்பே சொல்லுங்கள். மூட்டுத் தளர்வு உள்ள பலர் பல் டாக்டரிடமே அந்த இரண்டாவது அனுபவத்தைப் பெற்றிருப்பார்கள்.

அதே குழாயை வைத்துக்கொண்டு வண்ணம் கலந்த திரவத்தையும் கூழையும் பிஸ்கட்டையும் விழுங்கச் சொன்னால், அதுதான் விழுங்கும் எண்டோஸ்கோபி. திரையைப் பார்க்க விரும்பினால் திருப்பி வைக்கச் சொல்லுங்கள். விழுங்கும் அந்தக் கணத்தில் தொண்டைச் சுவர் கேமராவை மூடிக்கொள்வதால் படம் முழுக்க வெளுத்துப் போகும், ஒன்றும் தெரியாது. மறுபடி தெளியும்போதுதான் கதையே: நாக்கின் அடிப்பள்ளத்திலும் குரல்வளையின் இரு பக்கக் குழிகளிலும் வண்ணம் தேங்கி நிற்கிறதா, எத்தனை தடவை விழுங்கினால் அது போகிறது என்று பார்ப்பார்கள்.

எக்ஸ்ரே முறையில் பேரியம் கலந்ததை விழுங்கவைத்துப் பக்கவாட்டில் ஓடும் படமாக எடுப்பார்கள். எண்டோஸ்கோபி காட்டாத அந்தக் கணம் இதில் தெரியும். ஹையாய்டு எவ்வளவு எழும்புகிறது, உணவுக்குழாயின் வாசல் திறக்கிறதா என்பதெல்லாம் தெரியும். கதிர்வீச்சு என்பதால் சில நிமிடம்தான் ஓடவிடுவார்கள். கர்ப்பமாக இருந்தால் அல்லது இருக்க வாய்ப்பிருந்தால் முன்பே சொல்லுங்கள். நின்றால் தலைசுற்றும் என்றால் உட்காரவைத்து எடுக்கச் சொல்லுங்கள். பேரியம் மலச்சிக்கல் தரும், ஏற்கெனவே குடல் மந்தமாக இருப்பவர்கள் அன்று தண்ணீரைக் கூடுதலாகக் குடியுங்கள். ஓரிரு நாள் மலம் வெளுத்துப் போவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

இரண்டு முறைகளிலும் நம் பிரச்சினை ஒன்றுதான்: அவர்கள் பார்ப்பது ஏழெட்டு விழுங்கல். முதல் விழுங்கல் நன்றாக இருந்தால் "நார்மல்". ஆகவே தொடங்கும் முன் அமைதியாக இப்படிச் சொல்லுங்கள்: "எனக்குச் சாப்பாட்டின் முடிவில்தான் சிக்கல் வருகிறது. நன்றாக மெல்ல வேண்டிய எதையாவது கொஞ்ச நேரம் சாப்பிட்ட பிறகு மறுபடி பார்க்க முடியுமா?" எண்டோஸ்கோபியில் கதிர்வீச்சு இல்லை என்பதால் அங்கே இது எளிது. எக்ஸ்ரேயில், இயந்திரத்தை அணைத்துவிட்டுச் சாப்பிடவைத்து, கடைசியில் மட்டும் மறுபடி ஓடவிடலாம். உங்களுக்கு எதில் அதிகம் புரை ஏறுகிறதோ அதை வீட்டிலிருந்தே கொண்டுவரலாமா என்றும் கேளுங்கள், பல இடங்களில் சம்மதிப்பார்கள்.

அறிக்கை மட்டும் போதாது. படக்கோப்பையும் கேட்டு வாங்குங்கள். அடுத்த வருடம் ஒப்பிட அதுதான் உதவும்.

8. செலவு

நாட்டுக்கு நாடு, மருத்துவமனைக்கு மருத்துவமனை மாறும் என்பதால் தொகையை விட்டுவிட்டு, பணம் எங்கே போகிறது என்று மட்டும் சொல்கிறேன். முதல் மதிப்பீட்டுக் கட்டணம், பயிற்சி அமர்வுக் கட்டணத்தைவிட அதிகமாக இருப்பதே வழக்கம். எக்ஸ்ரே முறைக்குக் கதிரியக்கப் பிரிவும் தெரபிஸ்டும் தனித்தனியாகப் பில் போடலாம். காப்பீடு ஒன்றை மட்டும் ஏற்று மற்றதைத் தள்ளிவிடலாம். இரண்டுக்கும் முன்அனுமதி வேண்டுமா என்று எழுத்தில் கேளுங்கள்.

குரல் பயிற்சி பெரும்பாலும் வாரம் ஒன்று அல்லது இரண்டு அமர்வாக 4 முதல் 8 வாரம் போகும். மூட்டுத் தளர்வு உள்ளவர்களுக்கு உடல் எப்போது ஒத்துழைக்கும் என்று சொல்ல முடியாது, நடுவில் ஓய்வு வாரங்கள் தேவைப்படும். அதனால் இருபது அமர்வு பேக்கேஜ், முழுப் பணமும் முன்கூட்டியே, திருப்பித் தர மாட்டோம் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நான்கு நான்காகப் போங்கள்.

காப்பீட்டில் வருடத்துக்கு இத்தனை அமர்வு என்ற வரம்பில் பிசியோதெரபியையும் ஸ்பீச் தெரபியையும் சேர்த்து எண்ணும் திட்டங்கள் உண்டு. முழங்காலுக்கே எல்லாம் தீர்ந்துபோயிருக்கும், கவனம். "நிலையைப் பராமரிக்க" என்று தெரபிஸ்ட் எழுதினால் கோரிக்கை நிராகரிக்கப்படலாம். "30 நிமிடம் தொடர்ந்து பேச", "புரை ஏறாமல் ஒரு குவளை தண்ணீர் குடிக்க" என்று அளக்கக்கூடிய இலக்காக எழுதச் சொல்லுங்கள்.

கழுத்தில் ஒட்டி மின்தூண்டல் கொடுக்கும் கருவி வேண்டும் என்று யாராவது சொன்னால், உங்கள் பரிசோதனையில் தெரிந்த எந்தக் குறைக்கு அது என்று கேளுங்கள். தெளிவான பதில் வராவிட்டால் பணப்பையை மூடி வையுங்கள். நல்ல குரல் பயிற்சிகளில் ஒன்றுக்குத் தேவையான கருவி ஒரு ஸ்ட்ரா.

9. குரல் பயிற்சியில் கவனிக்க

அந்த ஸ்ட்ரா பயிற்சி இப்படி. ஒரு குவளையில் பாதி தண்ணீர், ஸ்ட்ராவின் நுனி தண்ணீருக்குள் இரண்டு மூன்று சென்டிமீட்டர். உதட்டை லேசாகப் பொருத்தி, "ஊ" என்ற ஒலியை உள்ளே விட்டால் குமிழ் சீராக வர வேண்டும். குமிழ் விட்டுவிட்டு வந்தால் மூச்சு சீராக இல்லை. எதிரே உருவாகும் காற்றழுத்தம் நாண்கள் ஒன்றோடொன்று மோதும் வேகத்தைக் குறைக்கிறது, அதனால்தான் களைத்த குரலுக்கும் இது ஒத்துக்கொள்கிறது. குவளையைக் குனிந்து தேடாதீர்கள். மேசைமேல் புத்தகங்களை அடுக்கி உயர்த்தி, தலை நிமிர்ந்தே இருக்கட்டும். கன்னம் புடைத்தோ தாடை ஒரு பக்கம் இழுத்தோ போனால் நிறுத்திவிட்டு, வாய் மூடி முனகும் பயிற்சிக்கு மாறலாமா என்று கேளுங்கள்.

நமக்கு உடம்பின் எந்தப் பகுதி எங்கே இருக்கிறது என்ற உணர்வு கொஞ்சம் மங்கல். "தோளைத் தளர்த்துங்கள்" என்றால் தளர்த்திவிட்டோம் என்றே நினைப்போம், கண்ணாடி வேறு சொல்லும். கண்ணாடி முன் செய்யுங்கள், அல்லது ஒரு விரலைக் குரல்வளை மேல் லேசாக வைத்துக்கொள்ளுங்கள்.

குரல்வளையைச் சுற்றி அழுத்தித் தசையைத் தளர்த்தும் மசாஜ் ஒரு நல்ல முறைதான், ஆனால் நம்மிடம் லேசான கைதான் வேண்டும். பக்கவாட்டில் பலமாகத் தள்ளுவதற்கு ஒப்புக்கொள்ள வேண்டாம். வாயை முழுக்கத் திறந்து செய்யும் கொட்டாவிப் பயிற்சியும் அப்படியே: தாடை விலகும் வழக்கம் இருந்தால் இரண்டு விரல் உயரத்துக்கு மேல் திறக்க வேண்டாம். இயல்பாகக் கொட்டாவி வரும்போதுகூடத் தாடைக்குக் கீழே கையைக் கொடுத்துத் தாங்கிக்கொள்ளலாம்.

குரலுக்கு ஓய்வு என்று கிசுகிசுத்துப் பேசுவது ஓய்வு ஆகாது. பலருக்கு அதில் இறுக்கம்தான் கூடும். தொண்டையைச் செருமத் தோன்றும்போதெல்லாம் ஒரு வாய் தண்ணீரோ வெறும் விழுங்கலோ போதும்.

10. விழுங்கும் பயிற்சியில் கவனிக்க

கழுத்து நிலையாக இல்லாதவர்கள் ஷேக்கர் பயிற்சியை யாராவது கொடுத்தால் உடனே கையை உயர்த்துங்கள். மல்லாந்து படுத்துக்கொண்டு தோளைத் தரையில் வைத்தபடி தலையை மட்டும் தூக்கி ஒரு நிமிடம் நிறுத்துவது, அதை மூன்று தடவை, பிறகு முப்பது தடவை தூக்கி இறக்குவது, தினம் மூன்று வேளை, ஆறு வாரம்: இதுதான் அதன் மூல வடிவம். வேறு பலருக்குப் பயன்பட்ட நல்ல பயிற்சிதான். தலை கனத்துக் கழுத்தில் நிற்காமல் தள்ளாடும் நமக்கு அது ஆபத்தாகலாம். மேலே கழுத்துப் படங்களைக் கோப்பில் வைக்கச் சொன்னது இதற்காகத்தான். மாற்றாக உட்கார்ந்தபடி செய்யக்கூடிய பயிற்சிகள் உண்டு, பிசியோதெரபிஸ்டிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

தாடையை மார்பை நோக்கித் தாழ்த்தி விழுங்குவது எல்லோருக்கும் பொருந்தும் என்று சொல்வார்கள். பொருந்தாது. பரிசோதனைத் திரையில் அது உங்களுக்கு உதவுகிறதா என்று பார்த்த பிறகே வழக்கமாக்குங்கள். கழுத்துப் பட்டை போடுகிறவர்கள் பட்டையோடும் பட்டை இல்லாமலும் இரண்டு விதமாகவும் பார்க்கச் சொல்லுங்கள். பட்டை தாடையைத் தூக்கிப் பிடித்தால் விழுங்குவது சிரமமாகும்.

உணவின் பதத்தைப் பற்றிப் பேசும்போது 0 முதல் 7 வரை எண் சொல்வார்கள். இட்சி என்ற சர்வதேச அளவுகோல் அது: 0 தண்ணீர், 4 கூழ், 7 வழக்கமான உணவு. உங்கள் மோசமான நாளுக்கு எந்த எண், நல்ல நாளுக்கு எந்த எண் என்று இரண்டாகக் கேளுங்கள். ஒரே எண்ணைக் கொடுத்தால், நல்ல நாளிலும் தேவையில்லாமல் கூழ் குடித்துக்கொண்டிருப்பீர்கள்.

தண்ணீரைத் தடிப்பாக்கும் பொடியைக் கொடுத்தால் இரண்டு விஷயம். தடிப்பான தண்ணீர் பிடிக்காமல் பலரும் குறைவாகக் குடிக்கிறார்கள். ரத்த அழுத்தம் தாழும், படபடப்பு வரும் நம்மவர்களுக்கு அது நேரடி அடி. மற்றொன்று, மேக்ரோகோல் வகை மலமிளக்கியை மாவுச்சத்து அடிப்படையிலான பொடியோடு கலந்தால் கலவை மறுபடி நீர்த்துவிடும். மருந்தாளரிடம் இரண்டின் பெயரையும் சொல்லிக் கேளுங்கள். மாத்திரை ஒட்டிக்கொள்கிறது என்று நீங்களாகவே பொடிக்கவும் வேண்டாம். மெதுவாகக் கரையும் மாத்திரைகளைப் பொடித்தால் முழு அளவும் ஒரே நேரத்தில் இறங்கிவிடும். திரவ வடிவம் இருக்கிறதா என்று கேட்டால் பாதிக்கு மேல் வழி பிறக்கும்.

11. வீட்டில் எவ்வளவு

தெரபிஸ்ட் கொடுக்கும் எண்ணிக்கையில் பாதியில் தொடங்கி, அடுத்த நாள் காலை எப்படி இருக்கிறது என்று பாருங்கள். செய்யும்போது வலிக்கவில்லை என்பது நமக்கு அளவுகோல் இல்லை, மறுநாள்தான் அளவுகோல். ஐந்து நிமிடமாக நாளில் நான்கு தடவை செய்வது, ஒரே மூச்சில் இருபது நிமிடம் செய்வதைவிட நல்லது. சாப்பாட்டுக்குச் சற்று முன் கடும் பயிற்சி வேண்டாம், களைத்த தொண்டையோடு சாப்பிட உட்காருவீர்கள்.

பயிற்சியில் கை மரத்தல், தலைசுற்றல், பார்வை மங்கல், கழுத்தில் புதிய வலி, புரை அதிகமாதல் இருந்தால் நிறுத்திவிட்டு அன்றே தகவல் சொல்லுங்கள்.

குரல் பயிற்சியை வீடியோவில் தொடரலாம், பயணக் களைப்பு மிச்சம். விழுங்குதலின் முதல் மதிப்பீடு மட்டும் நேரில்தான்.

12. முடிக்கும் முன் கேட்டு வாங்க வேண்டியவை

முதலாவது, பயிற்சித் தாள்: எது தினமும், எது மோசமான வாரத்தில் மட்டும், எதை எப்போதும் செய்யக் கூடாது. இரண்டாவது, மறுபடி சிக்கல் வந்தால் புதிய ரெஃபரல் இல்லாமல் நேரடியாக வரலாமா, எத்தனை மாதம் வரை என்ற விவரம்.

மூன்றாவது, மயக்க மருந்து நிபுணருக்கான அரைப்பக்கக் கடிதம். எந்த அறுவைச் சிகிச்சைக்குப் போனாலும் அதைக் காட்ட வேண்டும். தாடை விலகும் வரலாறு, வாய் எவ்வளவு திறக்கிறது, கழுத்தை எந்த அளவுக்கு மேல் பின்னால் சாய்க்கக் கூடாது, குரலின் தற்போதைய நிலை, விழுங்கும் பரிசோதனையின் முடிவு, உள்ளூர் மரத்துப்போகும் மருந்து பலிக்கிறதா ஆகியவை அதில் இருக்கட்டும். தொண்டையில் குழாய் போட்ட பிறகு சில நாள் கரகரப்பு வருவது சகஜம். அது குறையாமல் நீண்டால், அல்லது குரல் காற்றாகவே வந்தால், மறுபடி மூன்றாவது படிக்கு வந்து குரல்வளையைப் பார்க்கச் சொல்லுங்கள். அந்தக் கடிதத்தில் ஒரு நகலைக் கைபேசியில் படமாக வைத்துக்கொள்ளுங்கள். அவசரமாகப் போகிற நாளில் கோப்பு வீட்டில்தான் இருக்கும்.